தரிசு நிலத்திலிருந்து உலக மரபுரிமை வரை: சிங்கராஜ வனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காடு பற்றிய அறிவை யார், எத்தேவைக்காகத் திரட்டினர் என்ற வினாவை எழுப்பாது இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றை நாம் விளங்கிக்கொள்ள இயலாது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலுள்ள சிங்கராஜ வனம் இதற்குத் தக்க சான்றாகும்.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் அரசின் உடைமை எனக் கொண்டது. பெருந்தோட்ட முதலாளித்துவத்திற்கு அது வழி திறந்தது. 1875 இல் சிங்கராஜவின் பெரும்பகுதி ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டதும் தரிசு நிலச் சட்டத்தின் கீழேயே ஆகும். மழைக்காடு தரிசு எனப் பதிவாயிற்று. கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் மூலிகை சேர்த்தும் வாழ்ந்த கிராமத்தவரின் உழைப்புக்கு அப்பதிவில் இடமிருக்கவில்லை.

தீவில் எஞ்சியுள்ள பரந்த கன்னி மழைக்காடு இதுவே என ஜோன் பேக்கர் 1937 இலேயே எழுதியிருந்தார். எனினும் 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை உற்பத்திக்கென இயந்திரங்கொண்டு மரம் வெட்டுதல் ஆரம்பமாயிற்று. அதனை முன்னெடுத்தது தனியார் மூலதனமன்று, அரசே. இடதுசாரிக் கட்சிகள் ஆட்சியில் பங்குகொண்ட காலம் அது. உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாவதால் மட்டும் இயற்கையுடனான உறவு மாறிவிடுவதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மக்கள் எதிர்ப்பு வலுப்பெற்றதன் பின்னர், ஆட்சி மாறிய 1977 இலேயே வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் நீண்டகால ஆய்வுகள் அவ்வெதிர்ப்பின் நியாயத்தைத் தெளிவுபடுத்தின. இங்குள்ள மர இனங்களுள் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. முக்கிய மரங்களான டிப்டெரோகார்ப் குடும்பத்தவற்றின் விதைகளுக்கு உறங்குநிலை இல்லை. விழுந்த சில நாட்களில் முளைக்காவிடின் அவை அழியும். எனவே தாய்மரமும் அதன் நிழலில் காத்துநிற்கும் நாற்றும் ஒருசேர அழிந்தால், அம்மரத்தை மீட்டுத்தரும் விதைச்சேமிப்பு மண்ணில் இராது. வெட்டிய காடு தானாகவே மீளும் என்ற கணிப்பின் பிழை இதுவே.

ஆய்வு அழிவைக் கணக்கிடுவதோடு நின்றுவிடவில்லை. வனத்தைச் சூழ நடப்பட்ட கரீபியப் பைன் தோட்டங்களில் மூன்று வரிசை மரங்களை அகற்றி, அவ்விடைவெளியில் உள்நாட்டு மழைக்காட்டு நாற்றுக்களை நட்டபோது அவை நன்கு வளர்ந்தமை 1990களில் நிறுவப்பட்டது. அந்நிய மரமே உள்நாட்டுக் காட்டிற்குச் செவிலியாயிற்று.

1988 இல் 8,864 ஹெக்டேயர் பரப்புடைய சிங்கராஜ உலக மரபுரிமையாயிற்று. ஆயின் 1875 இன் பதிவேடு புறக்கணித்த கிராமத்தவர், பாதுகாப்பின் பெயராலும் மீண்டும் அத்துமீறுவோராக மட்டும் கருதப்படுவராயின், சட்டத்தின் பெயர் மாறியதேயன்றி உறவு மாறவில்லை எனலாம். கித்துளையும் மரமஞ்சளையும் தலைமுறைகளாக அறிந்தவரின் அறிவை ஆய்வுக்குள் கொணர்வதும், ஆய்வின் முடிவுகளை அவர்தம் மொழியில் அவரிடம் சேர்ப்பதும் இனிச் செய்யப்படவேண்டிய பணிகளாகும்.