எல்லாவற்றிற்கும் ஒரே திறவுகோல்



'எல்லாவற்றிற்கும் ஒரே திறவுகோல்' என்னும் சொற்றொடருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர் தம் உடைமைகள் அனைத்தையும் ஒரே திறவுகோலால் திறந்து கொள்வது ஒன்று. ஊரார் உடைமைகள் அனைத்தையும் யார் வேண்டுமாயினும் ஒரே திறவுகோலால் திறந்து விடுவது மற்றொன்று. முன்னது வசதி, பின்னது ஆபத்து. சொல்லளவில் ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி வைப்பதற்கு மனிதன் பட்ட பாடே மோட்டார் வண்டிப் பூட்டின் வரலாறு என்று நான் கருதுகிறேன். அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கே கூற முற்படுகிறேன்.

பூட்டின் வன்மை அதன் இரும்பில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உள்ளே இருக்கும் சிறு துண்டுகளின் வரிசையில்தான் இருக்கிறது. பண்டைய எகிப்தியர் மரத்தால் செய்த பூட்டிலேயே இக்கருத்து காணப்படுகிறது. மேலிருந்து விழும் சில முளைகள் தாழ்ப்பாளைப் பிடித்துக் கொள்ளும். அவற்றைச் சரியான உயரத்திற்குத் தூக்கும் திறவுகோல் ஒன்றே தாழ்ப்பாளை விடுவிக்கும். அமெரிக்கராகிய லைனஸ் யேல் இளையவர் 1861-ஆம் ஆண்டிலும் 1865-ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டு, இந்தப் பழைய கருத்தையே உலோகத்தில் சிறிய உருவில் வடித்தது. தட்டையான சிறு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு மனிதன் வெளியே செல்ல முடிந்தது அதன் பிறகுதான்.

அதற்கு முன்பே மற்றொரு புதுமை பிறந்திருந்தது. பூட்டை மாற்றாமல், உள்ளிருக்கும் வரிசையை மட்டும் மாற்றி, வேறு சாவிக்கு இணங்கச் செய்யும் வழி அது. நியூ ஜெர்சி மாநிலத்துப் பெர்த் அம்பாய் நகரைச் சேர்ந்த சாலமன் ஆண்ட்ரூஸ் என்பவர் 1836-இல் இத்தகைய பூட்டை அமைத்தார். அவர் ஒரு மருத்துவர். அந்நகரின் மேயராகவும் இருந்தவர். 1863-இல் வானக்கப்பல் ஒன்றைப் பறக்கவிட்டவர். பூட்டும் சாவியும் பிரிக்க முடியாத தம்பதிகள் அல்லர் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர் எனலாம்.

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். தொடக்க கால வண்டிகளுக்குப் பூட்டு பெரிய தேவையாக இருக்கவில்லை. பல வண்டிகளுக்குக் கதவே கிடையாது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வித்தை அறிந்தவர்களும் சிலரே. ஹென்றி போர்டின் 'டி' மாதிரி வண்டி 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ 1.5 கோடி எண்ணிக்கையில் உருவாயிற்று. 1919 முதல் அவ்வண்டியில் பொருத்தப்பட்ட மின்விசைப் பூட்டுக்கு எண்ணிட்ட சாவிகள் இருந்தன. அவற்றில் எத்தனை வகைகள் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய இரண்டு டஜன்தான்! ஒரு தெருவில் முப்பது வண்டிகள் நின்றால், அவற்றில் இரண்டுக்கேனும் ஒரே சாவி பொருந்தியே தீரும். நான் முதலில் ஆபத்து என்று சொன்ன 'ஒரே திறவுகோல்' இதுவே.

1920-களில் கூரையும் கதவுகளும் கொண்ட மூடிய வண்டிகள் பெருகின. பொருள்களை உள்ளே விட்டுச் செல்லும் வழக்கமும் உடன் வளர்ந்தது. நல்ல பூட்டு தேவைப்பட்டது. 1935-இல் மில்வாக்கி நகரத்துப் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்காகப் பக்கச் சட்டம் உடைய பூட்டு ஒன்றைக் கொண்டு வந்தது. அதன் உருளைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு சுருள்வில் அழுத்திக் கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. உரிய சாவி நுழைந்ததும் பள்ளங்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும், பக்கத்தில் உள்ள சிறு சட்டம் அவற்றுள் இறங்கும், உருளை சுழலும். ஆறு தகடுகள் இருந்து, ஒவ்வொன்றும் நான்கு உயரங்களில் ஒன்றைப் பெறுமானால், கணக்குப்படி 4,096 வரிசைகள் அமையும். இரண்டு டஜன் எங்கே, நாலாயிரம் எங்கே!

பூட்டு இவ்வாறு திருந்திய காலத்தில் சாவிகள் பெருகின. அமெரிக்க வண்டிகள் பலவற்றுக்கு இரண்டு சாவிகள் வழங்கப்பட்டன. எஞ்சினுக்கு ஒன்று, நம்மவர் 'டிக்கி' என்று வழங்கும் பின்பெட்டிக்கு மற்றொன்று. கையில் தடவியே இன்னதென்று அறியும்படி, ஒன்றின் தலை சதுரமாகவும் மற்றொன்றின் தலை முட்டை வடிவாகவும் இருப்பதுண்டு. இது வீண் ஆடம்பரம் அன்று. வண்டியை நிறுத்தி வைக்கும் பணியாளரிடம் எஞ்சின் சாவியைக் கொடுக்கலாம். பெட்டியின் சாவியைத் தம்மிடமே வைத்துக் கொள்ளலாம். நம்பிக்கையிலும் ஓர் அளவு உண்டென்பதை அந்த இரு சாவிகளும் சொல்லின.

அந்த வண்டிகள் முதுமை எய்தியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. மோதி நசுங்கிய கதவுக்குப் பதிலாக வேறு வண்டியின் கதவு வந்து சேரும். அதனுடன் அதன் பூட்டும் வரும். எஞ்சின் பூட்டு தேய்ந்தால் புதிய உருளை வரும். இவ்வாறு ஒரே வண்டிக்கு நான்கைந்து சாவிகள் சேர்ந்து விடுகின்றன. பழைய வண்டிகளைப் பேணுவோர் சிலர் அத்தகைய சாவிக்கொத்தைக் கையிலேந்தி, இருட்டில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இங்கேதான் ஆண்ட்ரூஸின் வழி பயன்படுகிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு சாவியை மூலமாகக் கொள்வார்கள். மற்றைப் பூட்டுகளின் உருளைகளை வெளியே எடுத்து, அவற்றுள் அச்சாவியைச் செருகிப் பார்ப்பார்கள். வெளியே துருத்தும் தகட்டை நீக்கி, அச்சாவியின் வெட்டுக்கு ஏற்ற உயரமுடைய வேறு தகட்டை அவ்விடத்தில் இடுவார்கள். எல்லாத் தகடுகளும் உருளையோடு சமமாக அடங்கினால் வேலை முடிந்தது. பழைய வெளிமுகப்பும் பழைய கைப்பிடியும் அப்படியே இருக்கும். வண்டியின் தோற்றம் சிறிதும் கெடாது. ஆனால் சாவித்துளையின் வடிவம் ஒத்திருத்தல் வேண்டும். சாவி உள்ளே நுழையாத பூட்டில் எந்தத் தகட்டை மாற்றியும் பயனில்லை.

இவ்வேலையில் ஒரு குறுக்குவழியும் உண்டு. ஏற்ற தகட்டைத் தேடாமல், துருத்தும் தகட்டை அரத்தால் தேய்த்து விடுவது, அல்லது அறவே நீக்கி விடுவது. அப்பொழுதும் நம் சாவி பூட்டைத் திறக்கும். வண்டிக்கு உரியவர் மகிழ்ந்து போவார். ஆனால் அடுத்தவர் சாவியும் அதைத் திறக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது. நீக்கப்படும் ஒவ்வொரு தகட்டோடும் ஒரு காவலாளி விடைபெறுகிறார். ஆறு தகடுகளில் நான்கை எடுத்து விட்டால், 4,096 என்ற கணக்கு 16 ஆகச் சுருங்குகிறது. போர்டின் பழைய வண்டியைவிடத் தாழ்ந்த நிலை அது! வசதி என்று நாம் வாங்கியது ஆபத்தாக முடிகிறது.

இந்த எண்ணிக்கையின் அருமையை அமெரிக்க அரசும் உணர்ந்தது. வண்டித் திருட்டைத் தடுக்கும் பொருட்டு, 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதியில், குறைந்தது 1,000 வேறுபட்ட சாவி வரிசைகள் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆயிரத்துக்கும் குறைவாக வண்டிகள் செய்பவர்கள், வண்டிக்கு ஒன்றாக வரிசைகள் வைத்தால் போதும்.

பழைய வண்டியின் பூட்டுகளை ஒரே சாவிக்குள் அடக்க விரும்புவோருக்கு நான் கூறுவது இதுதான்: வேலை முடிந்த பின் உங்கள் சாவி திறக்கிறதா என்று மட்டும் பார்த்து அமையாதீர்கள். உங்களுடையதல்லாத சாவி ஒன்றையும் செருகிப் பாருங்கள். அது திறவாமல் நின்றால்தான் வேலை செவ்வையாக நடந்தது என்று பொருள். மேலும், எல்லாவற்றிற்கும் ஒன்றே என்றான பின், அந்த ஒன்று தொலைந்தால் எல்லாம் தொலைந்தது போலாகும். ஆதலால் மறுபடி ஒன்றைச் செய்து வீட்டில் வையுங்கள். சாவியின் வெட்டுகளைக் குறிக்கும் எண்ணையும் தனியே எழுதி வையுங்கள்.

பல பூட்டுகளுக்கு ஒரு சாவி அமைவதில் தவறில்லை. அந்த ஒரு சாவிக்கு உரியவர் ஒருவரே என்பது மட்டும் மாறாதிருக்க வேண்டும்.