கதவைப் பிடித்த கை

பௌர்ணமியன்று வேங்கிக்கால் வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் கார்கள், இடம் கிடைத்த பக்கம் ஒதுங்கி நிற்கின்றன. தார் முடிந்து மண் இறங்கும் ஓரத்தில் இரண்டு சக்கரம் பள்ளத்திலும் இரண்டு மேட்டிலுமாக வண்டி சாய்ந்து நிற்கும். மேட்டுப் பக்கமாக ஒரு பாட்டி இறங்கினால், திறந்த கதவு மெல்லத் திரும்பி வந்து முழங்காலில் இடிக்கும். சாலை சரியில்லை என்பார் ஒருவர், வண்டி பழசு என்பார் இன்னொருவர். எனக்கு இதன் காரணம் வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கதவைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார் என்ற வழக்கத்தில் பிறந்த கதவு இது. ஆள் போய்விட்டார், அவர் கை செய்த வேலையை இயந்திரம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கதவு சுழலும் அச்சு நேர்செங்குத்தாக இருந்தால், கதவு விட்ட இடத்தில் நிற்கும். அச்சு சாய்ந்தால் கதவின் எடை பள்ளத்தைத் தேடி நகரும். நம் தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய கோயில் வாசல்களில் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி இருக்கும். கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழலும், முழுக் கனமும் அந்தக் குழியின் மேல்தான். வீட்டுக்கு நிலை வைக்கும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதும் இதற்காகவே; நிலை இரண்டு நூல் சாய்ந்தாலும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஆனால் வீட்டு நிலையை ஒரு தடவை நேர்பார்த்தால் போதும். கார் தன் நிலையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பாதையில் முன்பக்கம் உயர்ந்து நின்றால், கீல் முன்னால் இருக்கும் கதவு பின்னோக்கி இழுபட்டு மூடும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் அதே கதவு கையை மீறி விரியத் திறக்கும்.

நம் பழைய வண்டிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மாட்டு வண்டிக்குக் கதவு கிடையாது. கூண்டு வண்டிக்கும் ஜட்காவுக்கும் ஏறுவது பின்பக்கமாக. ஆங்கிலேயர் காலத்துப் பெட்டிப் பல்லக்குக்குக் கதவு இருந்தது, ஆனால் பெரும்பாலும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. ஆள் தோளில் ஆடிக்கொண்டே போகும் பெட்டிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. கீல் வைத்த கதவு துரைமார்களின் குதிரைக் கோச்சுகளோடு பரவியது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் அத்தகைய கோச்சுகளைக் கட்டியது. அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையும் செய்தார். கோச்சு நின்றதும் சேவகன் குதித்து இறங்கிக் கதவைத் திறந்து பிடிப்பான். சரிவோ சமதளமோ, கதவு அவன் கையில் இருந்தது.

கார்களைக் கட்டியவர்களும் கோச்சு கட்டியவர்களே என்பதால், கதவும் அப்படியே இடம் மாறியது. தொடக்க காலக் கார்களில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தோல் வார் இருக்கும். கதவு அளவுக்கு மீறித் திறந்து வண்டியின் உடம்பில் மோதிப் பெயிண்ட் போகாமல் தடுப்பது அதன் வேலை. திரும்பி வரும் கதவைத் தோல் வார் நிறுத்தாது; வண்டிக்குக் காவல் இருந்தது, இறங்குபவருக்கு இல்லை. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பள்ளம் வெட்டிய இரும்புப் பட்டையும் அதை அழுத்திப் பிடிக்கும் உருளையும் பிறகு வந்தவை. மெக்கானிக்குகள் ஸ்டாப்பர் என்பது அதைத்தான். 1954 முதல் இந்தியாவில் கட்டப்பட்ட ஃபியட் 1100இல் முன்கதவின் கீல் பின்பக்கம் இருந்தது. மற்ற கார்களின் கதவு மூடும் ஏற்றத்தில் அது திறக்கும், திறக்கும் இறக்கத்தில் மூடும். கீல் எந்தப் பக்கம் இருந்தாலும், பிடிப்பு இல்லாத கதவு சரிவுக்குத்தான் கட்டுப்படும். அம்பாசடர் காலத்திலும் கதவைப் பிடிக்கும் அந்தக் கை மறையவில்லை. ஆட்சியர் அலுவலகங்களில் கார் நின்றதும் தபேதார் இறங்கிக் கதவைத் திறந்து பிடிப்பது பழகிய காட்சி; ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலும் அதற்கு விலக்கல்ல.

கதவு திரும்பி வருவது வெறும் தேய்மானம், ஸ்டாப்பரை மாற்றினால் தீர்ந்தது என்று சொல்லலாம். பாதி உண்மை. பட்டையில் இருப்பது இரண்டோ மூன்றோ பள்ளம்தான். நெருக்கிநெருக்கி நிறுத்திய இடத்தில் பக்கத்து வண்டி இடிக்காமல் பாதி திறக்கும்போது, கதவு பள்ளங்களுக்கு நடுவே நிற்கிறது. புது ஸ்டாப்பருக்கும் அங்கே பிடி குறைவு. பிடியை இறுக்கினால் வயதானவர்களால் கதவைத் திறக்க முடியாது. தானாக மூடுவது பாதுகாப்புதானே என்பது இன்னொரு மறுப்பு. ஓடும் வண்டியில் கதவைக் காப்பது பூட்டு, சரிவு அல்ல. 30 கிலோ கதவை, 10 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் முக்கால்வாசி திறந்து வைத்தால் அதன் விளிம்பில் 1.3 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். பிடித்து நிறுத்த அது சின்ன பாரம். கைநழுவினால் வழியெல்லாம் வேகம் சேர்த்துக்கொண்டு வருகிறது. வந்து அடிக்கும்போது சட்டத்தில் குழந்தையின் விரல் இருந்தால் நசுங்கும்.

முதியவர்களுக்குக் கதவு வெறும் வழி மட்டுமல்ல. ஒரு கை இருக்கையில், மறு கை கதவின் மேல் விளிம்பில்: அப்படி ஊன்றித்தான் எழுகிறார்கள். ஊன்றிய பிடியே நகர்ந்தால் முழங்கால் வலி உள்ளவர் எதைப் பற்றுவார்? தானே ஓட்டி வரும் குடும்பங்களில் மகன் ஸ்டியரிங்கில், மருமகள் மடியில் குழந்தை. இறங்கிச் சுற்றிவந்து கதவைப் பிடிக்க ஆள் இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வருபவர்களுக்காக ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தற்காலிக நிறுத்துமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் வாசலில் நாலு கார் நிற்கும் அளவுக்காவது மண்ணை மட்டம் பார்த்து நிரவி, முதியவர்களை அங்கே இறக்கிவிட்டு வண்டியை உள்ளே கொண்டுபோகச் சொல்லலாம். அதற்கு ஒரு ரசமட்டமும் இரண்டு லோடு கிராவலும் போதும்.