வெடியுப்பும் பிரெஞ்சுக் குடியரசும்

வெடிமருந்தின் முக்காற் பங்கு வெடியுப்பாகும். எஞ்சியவை கரியும் கந்தகமுமே. 1793இல் பிரித்தானியாவோடு போர் மூண்டதும், கடல்வழி வந்த இந்திய வெடியுப்புப் பிரான்சுக்குக் கிட்டுதல் அரிதாயிற்று. பகைவரோ எல்லைகளை நெருங்கி நின்றனர்.

அவ்வாண்டு டிசெம்பரில் குடியரசு தன் குடிமக்களையே துணைக்கழைத்தது. நிலவறை, தொழுவம் முதலியவற்றின் மண்ணை நீரிற் கரைத்து, வடித்துக் காய்ச்சி, உப்பெடுக்குமாறு பணித்தது. 1794இன் தொடக்கத்தில், மாவட்டந்தோறுமிருந்து பாரிசுக்கு வரவழைக்கப்பட்டோர்க்கு அறிஞர் அத்தொழிலைக் கற்பித்தனர். உற்பத்தி பன்மடங்கு பெருகிற்று. படைகளும் தளராது பொருதன.

ஆயின், 1775 முதல் வெடிமருந்து நிருவாகத்தில் அமர்ந்து அத்தொழிலைச் சீர்செய்தவர் இரசாயன அறிஞர் இலவோசியர். முடியாட்சிக் காலத்து வரிக்குத்தகைக் குழுவிற் பங்காளராயிருந்தமையால் அவர் குற்றஞ்சாட்டப்பெற்று, 1794 மே 8ஆம் நாள் தலை துணிக்கப்பட்டார். அவர் வளர்த்த அறிவினாற் பிழைத்த அரசு, அவரைப் பிழைக்க விட்டிலது.