ஒருபக்கச் சேணம்

2005இல் தடை வரும்வரை, நரி வேட்டைக்குக் குதிரையேறிப் போனவர்களுக்கு இங்கிலாந்தில் எழுதாத சட்டங்கள் பல இருந்தன. வேட்டைத் தலைவரை முந்தக் கூடாது, வேட்டைநாய்களின் மேல் குதிரையை விடக் கூடாது, திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுப் போக வேண்டும். இவை எல்லோருக்கும் பொது. விக்டோரியா காலத்துப் பெண்ணுக்குக் கூடுதலாக ஒன்று: இரு கால்களையும் குதிரையின் இடப்பக்கமே போட்டு, நீண்ட பாவாடையோடு உட்கார வேண்டும். கால்களை இருபுறமும் போடுவது அநாகரிகம்.

1830களில் இந்த ஒருபக்கச் சேணத்தில் இன்னொரு கொம்பு சேர்ந்தது. தொடைக்கு அது பிடிப்புக் கொடுத்ததால் பெண்களும் வேலி தாண்டினார்கள். ஆனால் விழும்போது பாவாடை கொம்பில் மாட்டிக்கொள்ளும், குதிரை நிற்காது. இழுபட்டே செத்தவர்கள் உண்டு. பிறகுதான், மாட்டினால் கழன்றுவிடும் 'பாதுகாப்புப் பாவாடை' வந்தது. உள்ளே கால்சட்டை. குதிரையை விட்டு இறங்கியதும் பாவாடையைச் சுற்றிப் பொத்தான் போட்டு அதை மறைத்தாக வேண்டும். உயிர் பிழைத்தவளுக்கும் முதல் வேலை அதுதான்!

பெண்ணுக்கு முன்னால் ஓர் ஆண் வழிகாட்டிப் போவதும் வழக்கம். 1876இல் வேட்டையாட வந்த ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், தேர்ந்த குதிரையேற்றக்காரி. அவருக்கும் முன்னே ஒரு கேப்டன் மிடில்டன் போனார்.

1903இல் அயர்லாந்தின் வெஸ்ட் கார்பெரி வேட்டைக்குழுவுக்கு எழுத்தாளர் எடித் சாமர்வில் தலைவரானார். இப்போது அவரை ஆண்கள் முந்தக் கூடாது. அவர் உட்கார்ந்திருந்தது மட்டும் அதே ஒருபக்கச் சேணத்தில்தான்.