கைநாட்டும் காப்பாளர் கையெழுத்தும்: கம்மம் படிவங்கள் சொல்லும் வரலாறு

2009 ஜூலையில், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசோடு சேர்ந்து நடத்தின. குஜராத்தின் வதோதராவிலும் அதே ஆண்டு தொடங்கியது. கம்மத்தில் ஊசி பெற்றவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் மாணவியர்.

ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்தது. பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. இன்று உலக நாடுகள் பலவற்றில் இந்த ஊசி போடப்படுகிறது. ஆகவே நாம் இங்கே ஊசியைக் குறை சொல்லவில்லை. ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்றுதான் கேட்கிறோம்.

பதில் காகிதத்திலேயே இருந்தது. 2013 ஆகஸ்டில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72-வது அறிக்கை ஆந்திரப் படிவங்களின் கணக்கைத் தருகிறது: 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு; 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. அதாவது அந்தப் படிவங்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்றில் பெற்றோரின் இடத்தில் காப்பாளர் சம்மதம் சொல்லியிருக்கிறார். சோறும் படுக்கையும் யார் கையில் இருக்கிறதோ அவரே கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒரு சிறுமி யாரிடம் போய் 'வேண்டாம்' என்பாள்?

மருந்து ஆய்வின் காகிதத்துக்குக் கறாரான விதிகள் உண்டு. தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, திருத்தியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். கம்மத்தில் நடந்ததற்கு 'செயல்விளக்கத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த விளக்கத்தை நிலைக்குழு ஏற்கவில்லை. பக்கவிளைவுகளைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஏற்பாடு இல்லாததையும் அது கண்டித்தது. ஊசி போட்ட நாளுக்குப் பிறகு வரும் காய்ச்சலைக் கேட்டு எழுத ஆளில்லை என்றால், ஆய்வின் ஏட்டில் அந்தக் காய்ச்சலே இருக்காது.

ஆனாலும் அந்தத் தாள்கள் அழியவில்லை. எண்ணப்பட்டன. நம் பிள்ளைகளின் பெற்றோர் வைத்த கைநாட்டே நாடாளுமன்றத்தில் சாட்சியானது.

பல போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2013-இல் இழப்பீட்டு விதிகள் வந்தன; 2019-இல் புதிய மருந்து ஆய்வு விதிகளும் வந்தன. விதி தானாக விடுதி வாசலுக்கு வராது. அங்கே ஒரு படிவம் வந்தால் நாம் நான்கு கேள்விகள் கேட்போம். இது எங்கள் மொழியில் இருக்கிறதா? பெற்றோருக்கு யார் விளக்கினார்கள்? எங்களுக்குரிய நகல் எங்கே? உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது?

நான்குக்கும் பதில் வரும்வரை பேனாவைத் திறக்க வேண்டாம்.