வலை ஊசியும் பின்னல் ஊசியும்

திருகோணமலை நகரின் பழைய ஆங்கிலேயர் சேமக்காலையிலே சாள்ஸ் ஓஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கிழக்கிந்தியக் கடற்பகுதியில் பிரித்தானியக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பர்மியப் போர் நடந்துகொண்டிருக்கையில், ஐராவதி ஆற்றின்மீது வாந்திபேதி கண்டு இறந்தார். அவர் வென்ற போர்களை இன்று நினைப்பவர் மிகச் சிலரே. ஜேன் ஓஸ்ரின் என்னும் நாவலாசிரியையின் தம்பி என்பதே அவருக்கு எஞ்சிய புகழ்.

அத்தமக்கை எழுதிய 'பேர்சுவேசன்' என்னும் நாவல் கடற்படையினரைப் பற்றியது. அவர் மறைந்து ஐந்து திங்கள் கழிந்தபின், 1817 திசெம்பரில் அது வெளிவந்தது. பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பட்டு, 'திருகோணமலை' என்று பெயர் சூட்டப்பெற்ற போர்க்கப்பல் கடலில் இறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அந்நாவலில் இரு பாத்திரங்கள் நம் கவனத்துக்கு உரியன. ஒருவர், காயமுற்றுக் கரையிலே தங்கிவிட்ட கப்பற் கப்பித்தான். வேறு வேலை இல்லாத போதெல்லாம் அவர் வீட்டின் ஒரு மூலையிலமர்ந்து பெரியதொரு மீன்வலையை முடைகிறார்; வலை ஊசிகளையும் தாமே திருத்தமாகச் செய்துகொள்கிறார். மற்றவர், கணவனையும் செல்வத்தையும் இழந்து நோயிற் கிடக்கும் பெண்மணி. மருத்துவத் தாதி கற்றுக்கொடுத்த பின்னல் அவருடைய நீண்ட பொழுதுகளுக்குத் துணையாகிறது. தையலில் மிகுந்த தேர்ச்சியுடையவர் எனப் பெயர்பெற்ற ஜேன் ஓஸ்ரின் இவ்விரண்டையும் அறிந்தே எழுதினார்.

வலை முடைதலும் கம்பளி பின்னுதலும் ஒன்றென்று கருதுவோர் உண்டு. அவை ஒன்றல்ல. வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சிட்டு இறுக்கப்படுவது. ஒரு கண் அறுந்தாலும் அடுத்த கண் நிற்கும். கம்பளிப் பின்னலிலோ முடிச்சே கிடையாது. ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோக்கப்படுகிறது. அதனாலேதான் காலுறை இழுத்தால் நீண்டு, விட்டாற் சுருங்குகிறது. நுனி நூலைப் பற்றி இழுத்தால் முழுவதும் அவிழ்ந்தும் போகிறது.

இப்பின்னல் ஆங்கில நாட்டிலே பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. ஏழைகளின் பிழைப்பாக இருந்தது. 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கைப்பின்னலால் வயிறு வளர்ப்போர் கெடுவர் என்று அஞ்சி எலிசபெத்து அரசி அதற்கு உரிமைப் பத்திரம் வழங்க மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. மறுத்து என்ன பயன்? பொறி பரவியது, கைத்தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிழைப்புக்குப் பயன்படாமற் போன அதே கைவேலையை வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஏற்றுக்கொண்டனர். 1840ஆம் ஆண்டிலே எடின்பரோவில் ஜேன் கோகெயின் என்னும் அம்மையார் வெளியிட்ட பின்னற் கைநூல் இப்புதிய வழக்கத்தின் அடையாளம் எனலாம்.

அதன்பின் இப்பொழுதுபோக்கின் ஏற்றத்துக்குப் பெரிதும் உதவியவை போர்களே. கிரைமியப் போரின் குளிர் தந்த தலையுறைக்குப் பலக்கிளாவா என்னும் போர்க்களத்தின் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு உலகப் போர்களிலும் போர்வீரருக்கும் மாலுமிகளுக்குமாகப் பெண்கள் காலுறைகளும் கையுறைகளும் பின்னினர். 1941 யூன் மாதத்திலிருந்து பிரித்தானியாவில் உடைகளுக்குப் பங்கீடு வந்தபோது பின்னல் நூலுக்கும் பங்கீட்டுச் சீட்டு வேண்டியதாயிற்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியதும் அன்றே. இத்துறைமுகத்து வெயிலிலே கம்பளிக்கு வேலை ஏது? ஆயினும் இங்கே நங்கூரமிட்ட கடற்படையின் பிற கப்பல்கள் வட அத்திலாந்திக்குப் பனியில் உலவியபோது கம்பளியின்றி மாலுமி காவல்நிற்க இயலாது.

போர் ஓய்ந்தது. 1957 ஒக்டோபரிற் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். மேனாட்டிற் பொறியிற் பின்னிய மலிவான ஆடைகள் மலிந்து, கைப்பின்னல் பாட்டிமாரின் வேலையென்று எள்ளப்படும் நிலைக்கு இறங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைஞர் அதனை மீண்டும் கையிலெடுத்தனர். 2020இல் நோய்ப்பரவலால் வீடுகளில் முடங்கியோர் பலரும் ஊசியைத் தேடினர்.

திருகோணமலைக் கரையிலே வலைக்கு நேர்ந்த கதை வேறு. பருத்தி நூல் வலை உழைப்பைத் தின்னும் பொருள். உலர்த்தாவிட்டால் உளுத்துப்போகும், பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து உரமேற்ற வேண்டும், கிழிந்த கண்களை நாள்தோறும் பொத்த வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் நைலோன் வந்தது. உளுக்காத நூல், பொறியில் முடிச்சிட்ட ஆயத்த வலை. கடற்றொழிலாளர் அதனை விரும்பியதிற் குற்றமில்லை. உளுத்த வலையோடு மாரடித்தவனுக்கே நைலோனின் அருமை தெரியும். பழைய வலையின் அழகைப் பாடுவோர் பெரும்பாலும் வலை இழுக்காதவர்களே.

ஆனால் வலை முடையும் கையறிவு பொத்தும் கையறிவாகச் சுருங்கியது. போர்க்காலத்தில் கடலுக்குச் செல்வதற்கு விதிக்கப்பட்ட தடைகளால் வலைகள் கரையிற் கிடந்தன. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வலைகளையும் வள்ளங்களையும் வாரிச் சென்றது. பொத்தும் அறிவையும் விழுங்க வந்தது தங்கூசி வலை. ஒற்றை இழையாலான அவ்வலை கிழிந்தாற் பொத்துவாரில்லை. எறிந்துவிட்டு வேறு வாங்குவதே வழக்கம். கடலில் விடப்பட்ட துண்டுகள் ஆளின்றியே மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்கின்றன. இலங்கைச் சட்டம் அதனைத் தடைசெய்திருக்கிறது. மலிவு அதனை மீண்டும் மீண்டும் கரைக்குக் கொண்டுவருகிறது.

கரைவலைக்கு மாத்திரம் இன்னும் கை வேண்டும். நீண்ட இரு சிறகுகளும் நடுவே மடியும் கொண்ட அவ்வலையை ஒரு கூட்டமே கூடி இழுக்கிறது. கல்லிற் பட்டுக் கிழிந்தால் எறிந்துவிட இயலாது, அதன் விலை அத்தகையது. ஆகவே இழுப்பு முடிந்தபின் அதனை மணலிற் பரப்பி, காற்பெருவிரலில் ஒரு கண்ணை மாட்டி இறுக்கிக்கொண்டு, அறுந்த இடத்தை ஊசியாற் கோக்கிறார்கள்.