கல்வெட்டும் காந்தத் தட்டும்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம். அவ்வூர்க் கழுகுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயிலிலுள்ள ஒரு கல்வெட்டைப் பற்றிக் கேட்டதுண்டா?

9ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் வெட்டப்பட்டது அது. ஸ்கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் கோயிலுக்கு நிலம் விட்டான். பின்னர் வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அதை உறுதி செய்தான். இப்போது ஆதித்தனும் உறுதி செய்கிறான் என்கிறது. ஸ்கந்தசிஷ்யனின் கொடையை நாம் அறிவது இந்தப் பிற்காலப் பதிவினால்தான். ஆட்சி மாறிய பின்னும் யாரோ அக்கறையோடு மறுபடி எழுதி வைத்ததால் செய்தி பிழைத்தது.

கணிப்பொறியில் செய்திகளைக் காப்பதும் இதே வேலைதான். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணிப்பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகள் சுழன்றன. அவ்வளவு பெரிய அடுக்கில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே! பிற்காலத் தட்டுகளில், படிக்கும் முனை மிக மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. இடைவெளி தலைமயிரின் பருமனைவிடப் பல மடங்கு குறைவு. முனை தட்டில் உராய்ந்தால் காந்தப் பூச்சு சுரண்டப்படும். அங்கிருந்த எழுத்தும் அதோடு போகும். தட்டே இல்லாத நினைவகங்களும் இன்று வந்துவிட்டன. அவையும் பழுதாகாமல் இல்லை.

ஆகவே படியெடுத்து வைக்க வேண்டும். எப்போது? கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடி இதற்கு விடை சொல்கிறது. அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1013இல், ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்பே சுவர்க் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தப் புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கரையான் இல்லாமலே அப்படி நடந்ததுண்டு. 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான ஓர் ஆணையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காந்த நாடாவில் நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். நகலெடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த ஓர் அலுவலரின் கணிப்பொறியில் இருந்த படிதான் படத்தைக் காப்பாற்றியது. அந்தப் படி அலுவலகத்துக்கு வெளியே இருந்தது தற்செயல்தான்.

நீங்கள் அதைத் தற்செயலுக்கு விட வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஊரப்பாக்கம் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். மேசைமேல் கணிப்பொறி, இழுப்பறையில் நகல் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் நனையும். ஒரு படி வெளியூர் உறவினர் வீட்டிலோ, தொலைவிலுள்ள கணிப்பொறி நிலையத்திலோ இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து இரண்டொரு கோப்புகளைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.